ஏற்புரைக்கு இருபத்தொன்பது நாள்

மே 2, வெள்ளி

ஷிஃப்டு முடிந்து கிளம்பும்போது ஜெபராஜ் கேட்டுக்குப் பக்கத்தில் மறித்துக்கொண்டான். எங்கள் சங்கச் செயலாளர். அவன் பேச ஆரம்பித்தால் கையிலிருக்கும் டீ ஆறி ஏடு கட்டிவிடும்.

"அண்ணாச்சி, முப்பத்தொண்ணாம் தேதி உங்களுக்குப் பணி நிறைவு விழா. மண்டபம் சொல்லியாச்சு. எல்லாரும் வாழ்த்திப் பேசுவாவ. கடைசில நீங்க ஏற்புரை. ஒரு பத்து நிமிசம் பேசணும்."

"ஏற்புரையெல்லாம் வேண்டாம்டே. நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துருதேன்."

"முப்பத்து மூணு வருசம் துணை மின் நிலையத்துல குப்ப கொட்டிட்டு ஒத்த வார்த்தையா? பொண்டாட்டி புள்ளையளக் கூட்டிட்டு வருவானுவ எல்லாரும். மானத்த வாங்கிராதீங்க."

வீட்டுக்கு வந்து மனைவி பகவதியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் தமயந்தியின் கல்யாணத்தில் யாரோ மைக்கைக் கையில் திணித்ததும், ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் நான். கடைசிப் பந்தி முடிந்த பிறகுதான் திரும்பி வந்தேன். பகவதி அதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் ஓட்டிவிட்டாள்.

எனக்கு எழுத வரும். மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிற வேலை. அந்தப் பழக்கத்தில்தான் இந்த நோட்டும். நாலு பேர் என் வாயைப் பார்த்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை தண்ணீர் குடித்தாலும் பிரியாது.

இந்த முறை ஓட முடியாது. அந்த மேடையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லைன்மேன் இசக்கிராஜ் செத்த விஷயம். அதில் என் பங்கு என்ன என்பது பதினோரு வருஷமாக யாருக்கும் தெரியாது. பேச்சு வராத குறையால் அன்று சொல்லாமல் விட்டேன். வேலையை விட்டு இறங்குகிற அன்றைக்காவது சொல்லிவிட்டு இறங்க வேண்டும். இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது.

மே 4, ஞாயிறு

ஓசூரிலிருந்து தமயந்தி போன். "கண்ணாடி முன்னாடி நின்னு பேசுங்கப்பா. தினமும் அரை மணி நேரம். பேசினத போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. நீச்சல் மாதிரிதான், பழகினா வந்துரும்." அவள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். இந்த வாய் அவளுக்கு அம்மா வழியில் வந்தது.

பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். மைக்குக்குப் பதில் டார்ச் லைட். "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். கண்ணாடியில் இருந்தவனுக்கு வேர்த்தது. பகவதி கட்டிலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அடுத்து?"

"வந்து…"

"எங்க வந்து?"

நான் "வந்து" என்று இழுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடப்போவதாகச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் நாற்பத்தொன்று. அதோடு, மூக்கைத் தொடுகிறேனாம், காலை மாற்றி மாற்றி வைக்கிறேனாம், யாரோ அடிக்க வருகிற மாதிரி முழிக்கிறேனாம். இவ்வளவு குறையோடு ஒருத்தனை முப்பத்தைந்து வருஷம் எப்படிச் சகித்தாய் என்று கேட்டேன். நீங்கதான் பேசவே மாட்டீங்களே, அதனால தெரியல என்றாள்.

போனில் பதிந்ததைக் கேட்டேன். கிணற்றுக்குள் விழுந்த ஆள் உதவி கேட்கிற குரல். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

மே 6, செவ்வாய்

முப்பத்தாறு கொட்டை. தொண்டை கட்டியிருக்கிறது. பனங்கற்கண்டுப் பால்.

மே 9, வெள்ளி

இன்று அந்த விஷயத்தை எழுதிவிடுகிறேன். எழுதிப் பார்த்தால் பேசுவது சுலபமாகும்.

கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் துணை மின் நிலையத்துக்குப் போன் போட்டு, அந்த லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் நிறுத்திவிட்டு, கேட்டது யார், மணி என்ன என்று பதிவேட்டில் எழுதி, "ஏறலாம்" என்று சொல்வான். இதற்குப் பெயர் லைன் கிளியர். வேலை முடிந்ததும் அதே ஆள் மறுபடி போன் போட்டு "இறங்கியாச்சு" என்று சொல்ல வேண்டும். அதையும் எழுதின பிறகுதான் கரண்ட் கொடுக்கலாம். எங்கள் தொழிலில் அந்த எழுத்தை நம்பித்தான் ஆள் மேலே நிற்கிறான்.

ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த மத்தியானம். இரண்டரை மணிக்கு, லைன் வேலைக்குப் போன ஒரு கும்பல் மேலக்குளம் லைனை நிறுத்தச் சொல்லிக் கேட்டது. நிறுத்தினேன், எழுதினேன். மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது இசக்கிராஜ் போன் போட்டான்.

"அண்ணாச்சி, மேலக்குளம் லைன் ஆஃப்லதான இருக்கு? நானும் அதுல ஒரு கம்பத்துல ஏறிக்கிடுதேன். கம்பி ஒண்ணு அந்து கெடக்கு. என் பேரயும் சேத்து எழுதிக்கிடுங்க."

"சரிடே, ஏறு" என்றேன்.

மூன்று மணி ரீடிங் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு வந்து எழுதலாம் என்று எழுந்தேன். அதற்குள் பெரிய ஆபீஸிலிருந்து ஏதோ கணக்குக் கேட்டு இன்னொரு போன். மூன்று பத்துக்கு முதல் கும்பல் "இறங்கியாச்சு" என்றது. பதிவேட்டைப் பார்த்தேன். அதில் ஒரே பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு நேராக இறங்கிய நேரத்தை எழுதினேன். பிரேக்கரைப் போட்டுக் கரண்ட் கொடுத்தேன். ஐந்தாவது நிமிஷம் மேலக்குளத்திலிருந்து யாரோ அழுதுகொண்டே கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், ஓரத்தில் டைப் அடிக்கிற அம்மாள். "ரெண்டு அம்பத்தெட்டுக்கு உங்களுக்குப் போன் போட்டிருக்கார். லைன் கிளியர் கேட்டாரா?" என்றார் நடுவில் இருந்தவர். எட்டுக் கண்ணும் என் வாய் மேல். நாக்கு ஒட்டிக்கொண்டது. "சும்மா பேசினாரா?" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "சரி, கேட்கலைன்னு எழுதிக்கோம்மா" என்றார். டைப் அடித்த தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அனுமதி பெறாமல் தன்னிச்சையாக ஏறினார் என்று இசக்கிராஜ் பேரில் அறிக்கை போயிற்று. அவன் மனைவி கோமதிக்குக் கருணை வேலை கிடைக்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

மே 12, திங்கள்

இருபத்திரண்டு கொட்டை. பகவதி மிக்ஸியை ஓடவிட்டு, அதைத் தாண்டி எனக்குக் கேக்கணும் என்றாள். தேங்காய்ச் சட்னி அரைபட்டு முடியும்வரை முழங்கினேன். எதிர் வீட்டு டெய்லர் மாடசாமி ஓடி வந்துவிட்டார். சண்டை என்று நினைத்தாராம். பேச்சு பழகுகிறேன் என்றதும் அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

மே 15, வியாழன்

சாயங்காலம் ஐந்து மணி. கூடத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஆட்கள் என்று நினைத்துக்கொள்ள ஒவ்வொன்றின் மேலும் துண்டைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் கோமதி.

அவள் மெஸ் நடத்துகிறாள். விழாச் சாப்பாட்டை அவளிடம்தான் ஜெபராஜ் சொல்லியிருக்கிறான். பாயசம் பருப்பா சேமியாவா, எனக்குப் பிடித்ததைக் கேட்டு வரச் சொன்னானாம். ஒரு நாற்காலியிலிருந்து துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பகவதி காப்பி கொடுத்தாள்.

"அவரு இருந்தா அவருக்கும் இன்னும் ஏழு வருசத்துல விழா எடுத்திருப்பாவ" என்றாள் கோமதி.

"நல்ல பையன்" என்றேன்.

"கம்பத்துல ஏறுமுன்ன செருப்பக்கூட ஜோடி மாறாம கழத்தி வைக்கிற ஆளு அண்ணாச்சி. கேக்காம ஏறிட்டாருன்னு சொல்லுதாவ. என்னால நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல. அன்னைக்குக் காலைல எங்களுக்குச் சண்ட. ஒண்ணுமில்லாததுக்கு. சாப்பிடாமப் போனாரு. அந்தக் கோவத்துலதான் புத்தி பெசகி ஏறிட்டாருன்னு எங்க மாமியாரு சாகுத வரைக்கும் என்னையச் சொன்னா. நீ அனுப்பிவச்ச பொணம்னு சொன்னா. எனக்கும் அப்படித்தான் தோணுது. நான் ஒரு வாய் சோறு திங்க வச்சு அனுப்பியிருந்தா அவரு போன் போட்டுக் கேட்டிருப்பாரு."

பகவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று துண்டை மடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பருப்புப் பாயசம் என்று சொல்லி அனுப்பினேன்.

மே 16, வெள்ளி

தூக்கமில்லை. காலையில் பகவதியைக் கூப்பிட்டு, பேச்சில் புதிதாக ஒரு பகுதி சேர்த்திருக்கிறேன், கேள் என்றேன். கண்ணாடியைப் பார்த்து நின்றேன். அவளும் அதில் தெரிந்தாள். மடியில் கிண்ணமும் கொட்டையும்.

எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, சரி என்றது, எழுதாமல் எழுந்தது, பிரேக்கரைப் போட்டது, கையெழுத்துப் போட்டது. எத்தனை தடவை "வந்து" என்றேனோ தெரியவில்லை. அவள் ஒரு கொட்டையும் போடவில்லை.

"இத யார்கிட்டல்லாம் சொல்லியிருக்கீங்க?"

"உன்கிட்டதான் மொதல்ல."

"நேத்து அவ இங்கதான உக்காந்திருந்தா. நானும் அவ கையப் புடிச்சுக்கிட்டு கூட உக்காந்திருந்தேனே."

அதன் பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. அதைத் துடைக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மே 17, சனி

பகவதி பேசவில்லை. தட்டில் தோசை மட்டும் வந்தது.

மே 18, ஞாயிறு

இன்றும்.

மே 19, திங்கள்

இன்று பேசினாள்.

"மேடையில சொல்லப்போறீங்களா?"

"அதுக்குத்தான பழகுதேன்."

"அதுவரைக்கும் என்னத்துக்கு? நேரா அவ வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. நானும் வாரேன்."

அவளிடம் மட்டும் சொன்னால் போதாது, எல்லாரும் அவனைக் குறை சொன்னார்கள், எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றேன். நியாயமான பதில்தான். அவளும் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படின்னா எழுதிக் குடுங்க. எழுத வரும் எழுத வரும்னு சொல்லுதீங்களே. உங்க ஆபீஸ் இன்ஜினியரம்மா கையில குடுங்க."

எழுதிக் கொடுத்தால் அது வாக்குமூலம் ஆகிவிடும், தாளோடு தாளாகக் கட்டி வைத்துவிடுவார்கள், மனுஷன் நின்று சொல்வதுதான் மரியாதை என்றேன். இதுவும் நியாயமான பதில்தான். ஆனால் சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக நானே சொன்னேன். "பென்ஷன நிறுத்திப்புடுவானுவளோன்னு இருக்கு. ஓய்வு பெறுத அன்னைக்கு சாயங்காலம் தாளக் கையில குடுத்து வேலை நீக்கம் பண்ணின ஆளுக உண்டு."

"நிறுத்தினா நிறுத்தட்டும்" என்றாள். "நான் தையல் மெசின எறக்கிப் போடுதேன். நமக்கு என்ன, ரெண்டு வயிறு. நீங்க சொல்லிருங்க. சொல்லாம வந்து எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டீங்கன்னா என்னால சோறு போட முடியாது."

அவள் இவ்வளவு சொன்ன பிறகு எனக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. நாக்கு மட்டும்தான் பாக்கி. அதைப் பழக்கிவிடலாம்.

மே 21, புதன்

காலையில் இரண்டு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. பகவதி இப்போது குறை சொல்வதில்லை. முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து முழுசும் கேட்கிறாள். எங்கே குரல் இறங்குகிறதோ அங்கே "சத்தமா" என்கிறாள். "சரிடே, ஏறு" என்ற இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் இறங்குகிறது.

மே 22, வியாழன்

ஒன்பது கொட்டை.

மே 24, சனி

எதிர் வீட்டு மாடசாமியையும் அவர் மனைவியையும் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த மைத்துனரையும் பகவதி பஜ்ஜி போட்டுக் கூப்பிட்டாள். வெளி ஆட்கள் முன்னால் பேசிப் பார்க்க வேண்டுமாம். இசக்கிராஜ் பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் பேசினேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் துணை மின் நிலையத்துக்குள் பாம்பு வந்ததையும், அதைப் பார்த்து நான் மேஜை மேல் ஏறி நின்றே மூன்று மணி நேர ரீடிங் எழுதியதையும் சொன்னேன். சிரித்தார்கள். மைத்துனர் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே வாயைத் திறந்து கேட்டார்.

ஆறு கண் என்னைப் பார்த்தது. நாக்கு ஒட்டவில்லை. எனக்கு அறுபது வயது. இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்பது இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

"நல்லா பேசுதீங்க. முன்னாடியே பழகியிருக்கலாம்லா" என்றார் மாடசாமி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பகவதி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 26, திங்கள்

ஒரு கொட்டையும் இல்லை. முழுசும், இசக்கிராஜ் பகுதியோடு சேர்த்து, பதினோரு நிமிஷம். பகவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படியே சொல்லிருங்க, போதும்" என்றாள். மறுபடி ஒரு தடவை சொல்லிக் காட்டினேன். இந்த மாதம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கேட்டதற்கு, அந்தப் பகுதி மட்டும் நாற்பதைத் தாண்டிவிட்டது என்றாள்.

மே 28, புதன்

அழைப்பிதழ் வந்தது. என் போட்டோவுக்குக் கீழே, "முப்பத்து மூன்று ஆண்டுகள் விபத்தில்லாப் பணி" என்று அச்சடித்திருக்கிறான் ஜெபராஜ்.

"என்னத்துக்குடே இது?"

"உங்க கையால ஒரு தப்பு நடந்திருக்கா? சொல்லுங்க பாப்போம்."

கூட நாலு பேர் நின்றார்கள். மேடையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மே 30, வெள்ளி

வேட்டி சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டாயிற்று. தமயந்தியும் மாப்பிள்ளையும் மத்தியானம் வந்தார்கள். அவளிடம் பகவதி ஒன்றும் சொல்லவில்லை. உங்க அப்பா நாளைக்குப் பேசும்போது கேட்டுக்கோ என்று மட்டும் சொன்னாள். பேச்சுத் தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். பயம்தான். பேசத் தொடங்கினால் சரியாகிவிடும்.

மே 31, சனி

விழா நல்லபடி முடிந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சந்தன மாலை, பொன்னாடை, வெள்ளியில் ஒரு குத்துவிளக்கு. பதினோரு பேர் வாழ்த்திப் பேசினார்கள். எல்லாரும் விபத்தில்லா, விபத்தில்லா என்றே சொன்னார்கள். இன்ஜினியரம்மா ரொம்பப் பணிவாக, இவர் ஷிஃப்டில் இருந்தால் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம் என்றார்.

என் முறை வந்தது. மைக் பிடித்தேன். வணக்கம் சொன்னதுமே தெரிந்துவிட்டது, இன்று வரும் என்று. பாம்புக் கதைக்கு மண்டபமே சிரித்தது. இன்ஜினியரம்மா கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். முதல் வரிசையில் பகவதி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தமயந்தி. பந்திக்கூடத்து வாசலில் கோமதி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த நேரத்துல ஒருத்தர நினைக்காம இருக்க முடியாது" என்றேன். "நம்ம இசக்கிராஜ்."

மண்டபம் அப்படியே அமைதியானது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. அத்தனை கண்ணும் என் மேல். அந்த அமைதியை நான்தான் உண்டாக்கினேன் என்பது எனக்குத் தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

அடுத்த வரி, "அன்னைக்கு அவர் எனக்குப் போன் போட்டாரு." நாற்பது தடவைக்கு மேல் சொன்ன வரி. நாக்கு ஈரமாகத்தான் இருந்தது. நான் சொன்னது வேறு.

"தங்கமான தொழிலாளி. ஒரு நிமிச அவசரம், அவர நம்மகிட்ட இருந்து கொண்டுபோயிட்டு. தம்பிமாரே, உங்க காலத் தொட்டுக் கேக்கேன். லைன் கிளியர் வாங்காம ஒருத்தனும் கம்பத்துல கால் வைக்காதீங்க. வீட்டுல உங்களுக்காக ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் எழுதி வைத்தது இல்லை, பழகியது இல்லை. தடங்கல் இல்லாமல், குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறி, தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்து வந்தது. கைதட்டல் நிற்க ரொம்ப நேரமாயிற்று. ஜெபராஜ் கண்ணைத் துடைத்தான். இளைய லைன்மேன்கள் ஒவ்வொருவனாக வந்து காலில் விழுந்தார்கள்.

பந்தியில் கோமதியே என் இலைக்குப் பாயசம் ஊற்றினாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. "இத்தன பேர் முன்னால அவரு பேரச் சொன்னீங்களே அண்ணாச்சி. யாரு சொல்லுவா. நீங்க சொன்னதுதான் சரி. அவசரம்தான். நான்தான் அன்னைக்கு அவர அந்த நெலமையில அனுப்பினேன்."

அவளிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் இலைக்கு நேரே குனிந்து நின்றாள். பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள், அவரும் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பாயசம் போதும் என்று கையைக் காட்டினேன்.

பகவதி சாப்பிடவில்லை. தலைவலி என்று வேனில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். வீட்டுக்கு வருகிற வழி முழுக்கத் தமயந்திதான் பேசினாள். "அப்பா, நீங்களா இது? கண்ணாடி முன்னாடி நின்னதுக்குப் பலன் கெடச்சுட்டு பாத்தீங்களா" என்றாள். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

தமயந்தியும் மாப்பிள்ளையும் ஏழரை மணி பஸ்ஸுக்குப் போனார்கள். அவர்கள் தெருவைத் தாண்டும்வரை பகவதி கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே வந்து குளித்து, வெளியே போகிற சேலை கட்டிக்கொண்டாள்.

"எங்க கெளம்புத?"

"கோமதி வீட்டுக்கு."

"எதுக்கு?"

தலையை வாரி முடித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். "பேச்சு வராது, பேச்சு வராதுன்னு பதினோரு வருசமாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. நேத்து வந்துச்சே. நல்லா வந்துச்சு. இனிமே நீங்க சொல்லமாட்டீங்க. நான் போய்ச் சொல்லுதேன்."

"நீ எப்படிச் சொல்லுவ?"

"நாப்பது தடவ கேட்டிருக்கேன். ஒரு எழுத்து மாறாம வரும்."

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். எனக்காகத்தான் நின்றாள் என்று இப்போது படுகிறது. போகாதே என்று நான் சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

மணி பதினொன்று இருபது. இன்னும் வரவில்லை.